முள் எந்தப் பக்கம் சாய்கிறது? அரசுப் பணித் தேர்வில் கொள்கை விடை எழுதத் தொடங்குவோருக்கு

சனிக்கிழமை காலைகளில் ரோஸ் ஹில்லில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுகிறார்கள். பட்டம் முடித்துவிட்டு அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்கள். ஆயுள் முழுக்கக் கோப்பு புரட்டிய கை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் அவர்கள் எழுதிவரும் விடைகளை நான் திருத்திக் கொடுக்கிறேன். எழுதுவது ஆங்கிலத்தில். ஆனால் விவாதம் தொடங்கினால் வீட்டுக் கிரியோலும், செய்தித்தாள் பிரெஞ்சும், கோயில் தமிழும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்ளும். மொரீஷியஸில் அது புதிதல்ல.

சில வாரங்களுக்கு முன் ஒரு பெண் தன் விடைத்தாளை நீட்டினாள். கேள்வி இது: அடிப்படை ஓய்வூதியம் (முதியோர் எல்லோருக்கும் அரசு மாதா மாதம் கொடுக்கும் தொகை) பெறும் வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்துவது சரியா, ஆராய்க. அவள் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: "ஓய்வூதிய வயதை உயர்த்துவதால் அரசுக்குப் பல நன்மைகள் உண்டு. மறுபுறம் முதியோர் பாதிக்கப்படுவார்கள். எனவே அரசு இரு தரப்பையும் கருத்தில் கொண்டு, அனைவரையும் கலந்தாலோசித்து, தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்."

"சரி அம்மா, உயர்த்தலாமா, கூடாதா?" என்று கேட்டேன்.

"தோன்தோன், நீங்கள்தானே சமநிலையாக எழுதச் சொன்னீர்கள்?" என்றாள். இந்தத் தீவில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோருமே பிள்ளைகளுக்குத் தோன்தோன்தான். தவறு என் மேலும் இருந்தது. சமநிலை என்ற சொல்லை வாயால் சொல்லிவிட்டேன், அதன் பொருளைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடனைத் தீர்ப்பதற்காக.

மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கும்போது தட்டுத் தராசைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தட்டு, நடுவில் ஒரு முள். காயையும் படிக்கல்லையும் வைத்த பிறகு முள் எங்கே நிற்கிறது என்று நாம் பார்க்கிறோம். எதை வைத்தாலும் முள் நடுவிலேயே நின்றால் தராசு பழுது என்று சண்டை போடுவோம். கொள்கை விடையிலும் நேர்மை என்பது தட்டுகளைச் சமமாகப் பிடிப்பதிலும், படிக்கல்லில் ஏமாற்றாமல் இருப்பதிலும் இருக்கிறது. எடை பார்த்த பின் முள் சாய்ந்த பக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெண் இரண்டு தட்டுகளையும் காலியாக வைத்துவிட்டு, பாருங்கள் முள் நடுவில் நிற்கிறது என்று காட்டினாள். புதிதாக எழுதுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

எந்தத் தேர்வைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 88ஆம் பிரிவு பொதுப் பணி ஆணையத்தை அமைக்கிறது. அலுவலகம் கியூர்பிப்பை அடுத்த ஃபாரஸ்ட் சைடில், குடையில்லாமல் போகக் கூடாத ஊரில். சில பதவிகளுக்கு எழுத்துத் தேர்வு, பல பதவிகளுக்கு நேர்காணல் மட்டும். நகராட்சிகளுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் தனி ஆணையம். போலீஸ், சிறை, தீயணைப்புக்கு இன்னொன்று. நேர்காணலில் வாய்மொழியாகக் கேட்கும் கேள்வியும் கொள்கைக் கேள்விதான் என்பதால், கீழே சொல்வது பேசுவதற்கும் பொருந்தும். விண்ணப்பிக்கும் முன் பதவிக்குரிய ஸ்கீம் ஆஃப் சர்வீஸைப் படியுங்கள். அந்தப் பதவியில் இருப்பவர் நாள்தோறும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். கேள்விகளின் வாசனை அங்கேயே அடிக்கும்.

இந்தியாவின் யு.பி.எஸ்.சி. தேர்வு வேறு மாதிரி யானை. முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று மூன்று கட்டம். முதன்மைத் தேர்வில் மட்டும் ஒன்பது தாள்; அவற்றில் நான்கு பொது அறிவுத் தாள்கள், ஒவ்வொன்றும் 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி, அதாவது ஒரு விடைக்கு ஒன்பது நிமிடம். நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் பாடங்களில் பெரும்பகுதி அந்தத் தேர்வுக்காகத் தயாரானவை. பயிற்சிக்கு நல்லவைதான். ஆனால் சென்னை அண்ணா நகர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முடிவுரையை அப்படியே பெயர்த்து இங்கே ஒட்டினால் சட்டை ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்று ஆகிவிடுகிறது. ஒரு பையன் மொரீஷியஸ் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிய விடையில் பஞ்சாயத்து அமைப்புகளை வலுப்படுத்தச் சொல்லியிருந்தான். மாரே ஓ வாகோவா நீர்த்தேக்கம் அவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி.

இப்படித் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வழக்கமே சிபாரிசுக்கு எதிராக வந்தது. பிரிட்டனில் 1854இல் நார்த்கோட்டும் டிரெவெல்யனும் கொடுத்த அறிக்கை, பெரிய மனிதர்களின் பரிந்துரையால் வேலை பெறும் முறையை மாற்றி, திறந்த போட்டித் தேர்வைக் கொண்டுவரச் சொன்னது. அடுத்த ஆண்டே லண்டனில் இந்திய சிவில் சர்வீசுக்கான போட்டித் தேர்வு தொடங்கியது. நம் ஊரில் இன்றும் 'பேக்கிங்' (பெரிய இடத்துச் செல்வாக்கு) இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கப் போவதில்லை. விடைத்தாள் மட்டுமாவது உங்கள் கையில் இருக்கிறதே, அதைச் சரியாகச் செய்யுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

கொள்கைக் கேள்வி ஏன் கேட்கிறார்கள்? வேலையே அதுதான். அமைச்சகத்தில் இளம் அதிகாரியாகச் சேர்ந்த முதல் மாதமே மேலதிகாரி ஒரு கோப்பைத் தள்ளி, இதில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வாருங்கள் என்பார். அந்தக் குறிப்பில் பிரச்சினை என்ன, வழிகள் எவை, ஒவ்வொரு வழியிலும் யாருக்கு என்ன ஆகும், இவற்றில் எதைப் பரிந்துரைக்கிறோம் என்று இருக்க வேண்டும். கடைசி வரியில் பரிந்துரை இல்லாத குறிப்பு கோப்போடு திரும்பி வரும். எனக்கும் வந்திருக்கிறது; சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விக்குறியோடு. முடிவெடுப்பது அமைச்சர், எடை பார்த்துச் சொல்வது அதிகாரி. தேர்வாளர் உங்கள் விடையில் அந்த அதிகாரியைத்தான் தேடுகிறார். கட்சிக்காரரையும் தேடவில்லை, நாளிதழ்த் தலையங்கக்காரரையும் தேடவில்லை.

பள்ளி இறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி.யில் ஜெனரல் பேப்பர் என்ற கட்டுரைத் தாளை எழுதியவர்களுக்கு இதன் பாதி ஏற்கெனவே பழக்கம். அங்கே கட்டுரை நயத்துக்கும் மொழிக்கும் மதிப்பெண் உண்டு. இங்கே, நாளை காலை இதைச் செய்தால் என்ன நடக்கும் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

சரி, ஓய்வூதியக் கேள்விக்கு வருவோம். இதை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் மற்றக் கேள்விகளையும் இதே கத்தியால் வெட்டலாம்.

முதலில் நான் அவளிடம் கேட்டது, உனக்கு இதில் என்ன தெரியும் என்பது. கருத்தைக் கேட்கவில்லை, தெரிந்ததைக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்தது, இந்த வயதைப் படிப்படியாக 65ஆக உயர்த்துவதாக அறிவித்த 2025 ஜூன் பட்ஜெட்டும், அதைத் தொடர்ந்து தெருவில் நடந்த ஊர்வலங்களும். அதற்கு முன்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. மொரீஷியஸில் முதியோர் ஓய்வூதியம் 1950இல் தொடங்கியபோது வருமானம் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 1958இல் வருமான வரம்பை எடுத்து எல்லோருக்கும் என்றாக்கினார்கள். 2004இல் மறுபடியும் வசதியானவர்களை விலக்கப் பார்த்தார்கள். 2005 தேர்தலில் ஆட்சி மாறியதும் அந்த ஏற்பாடு போய்விட்டது. 2014 தேர்தலில் 5,000 ரூபாய் என்ற வாக்குறுதி, 2019இல் 9,000 ரூபாய் என்ற வாக்குறுதி. இவ்வளவும் தெரிந்தவர், "ஓய்வூதியம் அரசியல் உணர்வுள்ள விஷயம்" என்ற சப்பென்ற வாக்கியத்தை எழுத மாட்டார். கை வைத்த ஆட்சி அடுத்த தேர்தலில் போனது, வருமான வரம்பும் கூடவே போனது என்று எழுதுவார். தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. தேர்தலில் வேறு காரணங்களும் இருந்தன. இந்தக் கவனமும் சமநிலையின் ஒரு பகுதிதான்.

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது? அடிப்படை ஓய்வூதியத்துக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை. அந்தந்த ஆண்டின் வரிப்பணத்திலிருந்து போகிறது. ஆக, இன்று வேலை செய்கிறவர்கள் இன்றைய முதியோருக்குக் கொடுக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் ஒரு தாய்க்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகள். இன்று ஒன்றரைக்கும் குறைவு. கொடுக்கும் கைகள் குறைகின்றன, வாங்கும் கைகள் கூடுகின்றன. வயதை உயர்த்த வேண்டும் என்ற தரப்பின் முழு பலமும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. "அரசுக்குப் பல நன்மைகள்" என்று எழுதியவள் இந்தப் படிக்கல்லைத் தட்டில் வைக்கவே இல்லை.

எதிர்த் தட்டில் என்ன? முதியோர் பாதிக்கப்படுவார்கள் என்றால் எந்த முதியோர்? அமைச்சகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும், கரும்புத் தோட்டத்தில் பதினாறு வயதில் இறங்கியவரும், தையல் ஆலையில் இருபத்தைந்து ஆண்டு நின்று வேலை செய்து முழங்கால் போன பெண்ணும் ஒரே முதியோரா? அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2008 முதல் படிப்படியாக 65க்கு நகர்ந்தது. ஆனால் அடிப்படை ஓய்வூதியம் 60இலேயே நின்றது. அதன் விளைவை நான் என் சட்டைப் பையிலேயே பார்த்தேன். அறுபதைத் தாண்டியும் சில ஆண்டு வேலையில் இருந்தேன். மாதா மாதம் சம்பளமும் வந்தது, ஓய்வூதியமும் வந்தது. எனக்கு அந்த ஐந்து ஆண்டு உதவி தேவைப்படவில்லை. கட்டட வேலை செய்த என் சம்பந்திக்கு அதுதான் சோறு. வயது என்ற ஒரே கோட்டால் வெட்டினால் எங்கள் இருவருக்கும் ஒரே வெட்டு விழுகிறது. இந்த வாக்கியம் விடையில் வந்துவிட்டால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

எண்களைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. "ஆண்களின் சராசரி ஆயுள் பெண்களைவிட ஆறேழு ஆண்டு குறைவு, ஆகவே 65 என்றால் ஆண்களுக்கு அநீதி" என்று ஒருவன் எழுதினான். முதல் பாதி சரி. ஆனால் அது பிறக்கும்போது கணக்கிடும் சராசரி. இளம் வயதில் விபத்திலும் நோயிலும் இறந்தவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். இங்கே வேண்டியது அறுபதைத் தொட்டவர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்ற எண். அந்த எண்ணிலும் ஆண் பெண் வேறுபாடு இருக்கிறது, இவ்வளவு பெரியதாக இல்லை. சரியான எண்ணைத் தவறான இடத்தில் வைப்பதைவிட, எண்ணே இல்லாமல் நேர்மையான காரணம் எழுதுவது மேல்.

இதற்குப் பிறகுதான் வழிகள். கேள்வி 60ஆ, 65ஆ என்று கேட்டாலும், உலகத்தில் இரண்டு வழி மட்டும் இல்லை. வயதை மெதுவாக உயர்த்தலாம், வேகமாக உயர்த்தலாம். வயதைத் தொடாமல் வருமானம் பார்த்துக் கொடுக்கலாம். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வசதியானவர்களிடம் வரியாகத் திரும்ப வாங்கலாம். வருமானம் பார்ப்பது கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். ஆனால் அதற்கு விண்ணப்பம், சான்று, சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி வரிசையில் நின்று தான் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். தகுதியுள்ள சிலர் விடுபடுவார்கள், தகுதியில்லாத சிலர் நுழைவார்கள். எல்லோருக்கும் கொடுப்பதில் செலவு அதிகம், அவமானம் குறைவு. இப்படி ஒவ்வொரு வழியிலும் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று ஒரு வரி போதும்.

அவள் மறு வாரம் எழுதி வந்ததில் நடுப் பத்தியைப் பாருங்கள். நான் தொட்டது இரண்டு சொல் மட்டும்:

"வயதை உயர்த்தாவிட்டால் சுமை இன்று வேலைக்குச் சேரும் தலைமுறை மேல் விழும். உயர்த்தினால் அடுத்த சில ஆண்டுகளில் அறுபதைத் தொடுவோர் மேல் விழும். முதல் தரப்புக்குத் தயாராக முப்பது, நாற்பது ஆண்டு அவகாசம் இருக்கிறது. இரண்டாம் தரப்புக்கு, அதிலும் உடலுழைப்பால் வாழ்ந்தவர்களுக்கு, அவகாசமே இல்லை. எனவே உயர்வு தேவைதானா என்பதைவிட எவ்வளவு வேகத்தில், யாருக்கு விதிவிலக்கோடு என்பதே நியாயத்தைத் தீர்மானிக்கிறது."

முதல் விடையிலும் இரண்டு பக்கம் இருந்தது, இதிலும் இரண்டு பக்கம் இருக்கிறது. ஆனால் இதில் ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு வயது இருக்கிறது, அவர்களிடம் எவ்வளவு காலம் மிச்சம் என்பது இருக்கிறது. முள் அசையத் தொடங்கிவிட்டது. முடிவுரையில் அவள், வயதை உயர்த்தலாம், ஆனால் நீண்ட படிகளில், அதுவும் அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் தனி உதவித்தொகை இருந்தால் மட்டும் என்று எழுதியிருந்தாள். அந்த உதவித்தொகைக்கும் மேலே சொன்ன விண்ணப்பத் தொல்லை உண்டே என்று ஓரத்தில் குறித்தேன். அவள் கண் சுருங்கியது. இன்னும் ஒரு படிக்கல்.

எதிர்த்தரப்பை எழுதும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் உங்கள் பத்தியைப் படித்துவிட்டு, ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான் என்று தலையாட்டுவாரா? "சிலர் அறியாமையால் எதிர்க்கிறார்கள்" என்று எழுதினால் தலையாட்ட மாட்டார். வைக்கோல் பொம்மையைக் கட்டி அதை அடித்து வீழ்த்துவது எல்லோருக்கும் வரும். திருத்துகிறவருக்கு வைக்கோல் தெரியாமல் போகாது.

தன் வீட்டுப் பிரச்சினை என்று வரும்போது இந்தச் சோதனை கடினமாகிறது. வகுப்பில் ஒருநாள் வேண்டுமென்றே ரூபாய் நோட்டு விவகாரத்தைக் கொடுத்தேன். 1998 நவம்பரில் புதிய நோட்டுகள் வந்தபோது, ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் கீழே இறங்கி, இந்தி மேலே ஏறியிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, தமிழ் மறுபடி தன் இடத்தில் அச்சானது. அன்று ஊர்வலத்தில் நடந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது கேள்வி: நீங்கள் 1998 டிசம்பரில் ஓர் இளம் அதிகாரி, நோட்டுகளை என்ன செய்யலாம் என்று குறிப்பு எழுதுங்கள்.

எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். முதல் பத்து நிமிடம் விடைத்தாள்களில் கண்ணீரும் வீரமும் வழிந்தன. தமிழினத்தின் மனம் புண்பட்டது என்பது உண்மை, கோப்பில் எழுத வேண்டிய உண்மையும்கூட. ஆனால் புண்பட்டது என்பது மட்டுமே காரணமானால், நாளை வேறொருவர் புண்படும்போது அதிகாரியிடம் சொல்ல எதுவும் இருக்காது. பிறகு மெல்லப் பிரித்தோம். ஒரு பக்கம் வழக்கம்: நெடுங்காலம் இருந்த வரிசையைக் காரணம் சொல்லாமல் மாற்றக் கூடாது. அதற்கு வரலாற்றுத் துணையும் உண்டு. லா பூர்தொனே ஆளுநராக இருந்த காலத்திலேயே, 1735க்குப் பிறகு, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே வந்து போர்ட் லூயிஸைக் கட்ட உதவினார்கள். மறுபக்கம் எண்ணிக்கை: இந்தியோடு தங்களை இணைத்துப் பார்க்கும் மக்கள் அதிகம், பெரும்பான்மைக்கு முன்னிடம் என்பதும் கேட்க வேண்டிய கொள்கைதான். இரண்டில் எது சரி என்று தீர்க்காமலே இன்னொரு கேள்வி எழுந்தது: கலந்து பேசாமல் மாற்றியது முறையா? அதோடு, திரும்பப் பெறும் செலவு எவ்வளவு, பெறாவிட்டால் சமூக அமைதிக்கு ஆகும் செலவு எவ்வளவு? கடைசியில் பெரும்பாலோர் அன்று நடந்த அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். ஆனால் வந்த பாதை வேறு. அந்தப் பாதையில் ஓர் இந்தி ஆசிரியரும் கூட நடக்கலாம்.

இதைவிடக் கூர்மையான ஒன்றும் இருக்கிறது. 2012 முதல் ஆரம்பப் பள்ளியில் கிரியோல் ஒரு விருப்பப் பாடம். தமிழ், இந்தி, உருது போன்ற மொழிகள் இருக்கும் அதே அலமாரியில் அதுவும் வைக்கப்பட்டது. தாய்மொழியில் கற்கும் குழந்தை எளிதாகக் கற்கிறது என்று தமிழுக்காக வாதாடுகிற நாம், வீட்டில் கிரியோல் பேசும் நம் பேரனுக்கு அந்த வாதம் எந்த மொழியைச் சுட்டுகிறது என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். எனக்கு இதில் தெளிவான முடிவு உண்டு, தமிழ் வகுப்பு இருந்தே ஆக வேண்டும் என்பேன். ஆனால் அதைத் தாய்மொழி வாதத்தால் நிறுவ முடியாது. பண்பாட்டு உரிமை என்ற வேறு தூணில்தான் அதை நிறுத்த வேண்டும். இதை ஒப்புக்கொள்ள எனக்கே சில ஆண்டுகள் ஆயின.

இன்னொரு பொதுவான ஓட்டை: நோக்கத்தைப் பாராட்டிவிட்டு விளைவைப் பார்க்காமல் விடுவது. 2016 ஜனவரி 1 முதல் நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. நல்ல நோக்கம். ஆனால் தடைக்குப் பிறகு கடைகளில் துணி போலத் தோன்றும் பைகள் பெருகின. தொட்டுப் பார்த்தால் துணி, நெருப்பில் காட்டினால் உருகும். அதுவும் பிளாஸ்டிக் இழைதான். பின்னால் விதிகளை மேலும் இறுக்க வேண்டியிருந்தது. எந்தக் கொள்கைக்கும், இதைத் தவிர்க்க மக்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கடைக்காரர் உங்களைவிடக் கெட்டிக்காரர் என்ற பணிவோடு எழுதினால் போதும்.

படிப்பதற்கு நிறைய வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பட்ஜெட் உரையை முழுதாக, பென்சிலோடு. தணிக்கை இயக்குநரின் ஆண்டறிக்கையில் ஏதாவது ஓர் அமைச்சகத்தின் பகுதி. திட்டம் காகிதத்தில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருப்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் ஆவணம் வேறு கிடையாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் வெளியிடும் மக்கள்தொகை, வேலைவாய்ப்பு அட்டவணைகள். ஆளுங்கட்சியைத் திட்டும் பத்திரிகை ஒன்று, தாங்கும் பத்திரிகை ஒன்று. சம்பள ஆய்வுக் குழுவின் பி.ஆர்.பி. அறிக்கையைச் சிலர் வேலைக்குச் சேரும் முன்பே மனப்பாடம் செய்கிறார்கள். அது தேர்வுக்காக அல்ல என்பது எனக்கும் தெரியும்.

கேள்வியில் வினைச்சொல்லை வட்டமிடுங்கள். விவரிக்கச் சொன்னால் முடிவு தேவையில்லை. ஆராய்க, மதிப்பிடுக என்றால் முடிவு இல்லாமல் எழுந்து போகக் கூடாது. எழுதத் தொடங்கும் முன் ஓரத்தில் முடிவை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது ஒரு காரணம் அந்த வரியை மாற்றினால் வெட்கப்படாமல் அடித்து மாற்றுங்கள். முடிவே தெரியாமல் எழுதத் தொடங்குபவர்கள்தான் கடைசி இரண்டு நிமிடத்தில் "அரசு ஆவன செய்ய வேண்டும்" என்ற திண்ணையில் போய் உட்காருகிறார்கள்.

பின்குறிப்பாக ஒன்று. ஓய்வூதிய விடையைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தப் பெண் கேட்டாள்: "தோன்தோன், நீங்கள் அறுபதிலேயே வாங்கத் தொடங்கியவர்தானே? அப்படியானால் 65 என்று சொல்வது உங்களுக்கு எளிது." சரியான கேள்வி. இருபதுக்குப் பதின்மூன்று போட்டிருந்ததைப் பதினான்கு ஆக்கினேன். பிறகு அடுத்த வாரத்துக்கான கேள்வியைப் பலகையில் எழுதினேன்: 2005 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கும் முதியோருக்கும் பஸ் இலவசம், இதை இப்படியே தொடர வேண்டுமா, மதிப்பிடுக. எழுதி முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காகச் சட்டைப் பையில் என் பாஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முன் வரிசையில் அவள் அதைக் கவனித்துவிட்டாள்.